துறை இருபத்திரண்டு

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தது பெட்டி.
அட்டையை வெளியில் வைத்துத் திரும்புவதற்குள்
ஒரு புள்ளிமான் அதன் மூலையைத் தின்றுவிட்டது.
உத்தரவாதப் பத்திரம் அந்த மூலையில்தான் ஒட்டியிருந்தது.
திருகோணமலை மான்களுக்குக் கடதாசி என்றால் போதும்,
எந்த மொழியில் அச்சடித்தது என்று பார்ப்பதில்லை.

அறை, முன்பு ஆய்வுகூடச் சாமான் அடுக்கிய இடம்.
அமில வாசம் இன்னும் சுவரில் கிடக்கிறது.
ஜன்னலைத் திறந்தால் கடல்.
திறக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டினேன்:
உப்புக்காற்றும் தின்னும்,
மானைவிடப் பொறுமையாக.

வயர் இழுக்க வந்த யோகதாசன் கேட்டார்:
"திரையில்லை, கீபோர்ட் இல்லை,
இதென்ன பிள்ளை, கண் காது இல்லாத கொம்பியூற்றர்?"
"பாடம் சொல்லிக்குடுக்கிற பெட்டி அண்ணை."
"அப்ப வாயாவது இருக்கோணுமே."

பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏறியது.
வட்டை எப்படிப் பிரிக்க என்று கேட்டது.
இயங்க ஓரிடம், பாடங்களுக்கு ஓரிடம்,
பதிவேடுகளுக்கு ஓரிடம்,
மூச்சு முட்டினால் ஒதுங்கக் கொஞ்சம்.
காணி பிரிப்பதில் இந்த ஊருக்குள்ள அனுபவத்துக்கு
பத்து நிமிட வேலை.
ஒருவரும் வழக்குப் போடவில்லை.

பிறகு பெயர் கேட்டது.
வலய அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று பெயர் தந்திருந்தார்கள்,
மூன்றும் அரசர்களுடையவை.
நான் சூடை என்று அடித்தேன்.
மத்தியானம் சோற்றோடு சாப்பிட்டது.
சின்ன மீன்; தனியாக வராது.

மூதூரிலிருந்து பஸ்மினா ரீச்சர் போனில்:
"பக்கம் வருது, ஆனா எழுத்தெல்லாம்
கட்டம் கட்டமாக் கிடக்கு."
தமிழ் எழுத்துக்கு எத்தனை இடம் வேண்டுமென்று
தரவுத்தளத்துக்குச் சொல்ல மறந்திருந்தேன்.
சொன்னேன்.
"இப்ப 'ஸ்ரீ' மட்டும் ஒரு மாதிரி நிக்குது" என்றா.
அது அப்படித்தான் நிற்கும், ரீச்சர்.

கடைசியில் தீச்சுவர்.
எல்லாத் துறையையும் மூடு, வேண்டியதை மட்டும் திற.
எண்பதைத் திறந்தேன், நானூற்று நாற்பத்து மூன்றைத் திறந்தேன்,
உவர்மலை வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு
இரவு பதினொன்றேகாலுக்கு.
என்ரரைத் தட்டின பிறகுதான்
இருபத்திரண்டு நினைவுக்கு வந்தது.
நான் போய்வருகிற துறை அது ஒன்றுதான்.

திரை அப்படியே நின்றது.
எந்தப் பெரிய கப்பலும் கட்டக்கூடிய ஊரில்
கரைக்கு வர வழியில்லாமல் நான்.

ஸ்கூட்டரில் இறங்கினேன்.
மைதானத்தடியில் மான்கள் தார்ச்சாலையில் படுத்திருந்தன,
ஹோர்ன் அடித்தால் எழும்பாது, வெட்கப்பட்டுச் சுற்றிப் போனேன்.
வோச்சர் நல்லரத்தினம் டோர்ச்சை முகத்தில் பிடித்து
"என்னம்மா இந்த நேரம்?"
"என்னை நானே வெளியில விட்டுப் பூட்டிட்டன்."
அடையாள அட்டை கேட்காமல் திறப்புக்கோர்வையை நீட்டினார்.

திரையைக் கொழுவி, கீபோர்டைக் கொழுவி
ஒரேயொரு வரி.
இடைவெளியோடு சேர்த்துப் பன்னிரண்டு தட்டல்.

வந்ததுதான் வந்தேன் என்று பதிவேட்டைப் பார்த்தேன்.
பாடசாலை இன்னும் தொடங்கவில்லை;
நிர்வாகி நான்தான் என்று சொல்லிக் கதவைத் தட்டியவர்கள்
ஆயிரத்து நூற்றுப் பதினாறு,
எல்லாரும் பார்த்தறியாத தேசங்களிலிருந்து.
முதல் நாள் வரவு மோசமில்லை.

ஒன்பதாம் நாள் விடியப்புறம் நாலு ஐம்பத்திரண்டுக்கு
வெருகல் பக்கத்துப் பிள்ளையொன்று.
கடவுச்சொல் மூன்று தரம் பிழை.
நாலாம் தரம் உள்ளே.
இரசாயனவியல், அலகு இரண்டு, பத்துக் கேள்வி.
ஆறாவதில் தொடர்பு அறுந்திருக்கிறது.
எங்கள் யூபிஎஸ் முனகவில்லை;
கரண்ட் அங்கேதான் போயிருக்கும்.

ஐந்து விடைகள் சேமிப்பில் இருந்தன.
மூன்று பிழை.
மற்ற இரண்டையும் இரண்டு தரம் வாசித்தேன்.